6 மில்லிமீட்டர் மூச்சு: ரிஜிட் பிராங்கோஸ்கோபி எவ்வளவு பாதுகாப்பானது?

எங்கள் மாமாவுக்குச் சேரன்மகாதேவி பக்கம். பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருந்த நேரத்தில், வயற்காட்டுக் கொட்டகையில் வெறுந்தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கடித்தது அவருக்கே தெரியவில்லை. விடியற்காலையில் வயிறு வலித்தது. கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. வாய்வழியே குழாய் போட்டு, வெண்டிலேட்டரில் 11 நாள் வைத்து, ஆளை மீட்டுக் கொடுத்தார்கள். அந்த மருத்துவர்களையும் நர்ஸ்களையும் நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் குவிகிறது.

வீடு திரும்பி ஐந்து வாரம் கழித்துத்தான் அடுத்த சிக்கல் வந்தது. வரப்பில் பத்தடி நடந்தால் இளைத்தது. ராத்திரி படுத்தால் தொண்டைக்குள் ஏதோ அறுப்பதுபோல ஒரு சத்தம். பக்கத்தில் காட்டியபோது வீசிங் என்றார்கள். இன்ஹேலர், மாத்திரை, நெபுலைசர் என்று மூன்று வாரம் ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மாமா என்னிடம் சொன்னார்: "மருமவனே, வெளிய விடையில ஒண்ணும் தெரியல. உள்ள இழுக்கத்தான் முட்டுது."

நோய் என்னவென்று அந்த ஒரு வாக்கியமே சொல்லிவிட்டது. வீசிங்கில் மூச்சை வெளியே விடத்தான் சிரமம்; உள்ளே இழுக்க முட்டினால் அடைப்பு மேலே, பெரிய குழலில். ஆனால் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவரிடம் போய்ச் சேர எங்களுக்கு இன்னும் பத்து நாள் ஆனது. சிடி ஸ்கேன் எடுத்தார்கள். குரல்நாணுக்குக் கீழே, முன்பு வெண்டிலேட்டர் குழாயின் காற்றுப்பை அழுத்திக்கொண்டிருந்த அதே இடத்தில், மூச்சுக்குழல் தழும்பேறிச் சுருங்கிக் கிடந்தது. மிச்சமிருந்த வழி 6 மில்லிமீட்டர்.

"ரிஜிட் பிராங்கோஸ்கோபி பண்ணி விரிக்கணும்" என்றார் மருத்துவர். அந்தக் கருவியையும் காட்டினார். வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் இறக்குவது அது: ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரல் நுழையாத அளவுக்கு ஒடுக்கமான, வளையாத எஃகுக் குழாய். அத்தை அதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தக் கம்பிய உள்ள விட்டா தொண்டை கிழிஞ்சிராதா சார்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு முழு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூச்சுக்குழல். குரல்வளைக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கும் இதன் நீளம் பெரியவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர். உள் அகலம் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர். கீழே இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்து, அவை மேலும் மேலும் கிளைத்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களாக நுரையீரல் முழுவதும் பரவுகின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க வேறு உதாரணம் வேண்டாம். வயல்களுக்குப் பாயும் வாய்மடைகளில் நாலைந்து அடைத்தாலும் மற்றவற்றில் தண்ணீர் ஓடும். தலைமடை அடைத்தால் பற்று முழுக்கக் காயும். ஆஸ்துமா வாய்மடைகளின் நோய். அங்கே தசை இறுகுகிறது, இன்ஹேலர் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. மாமாவுக்கு இருந்தது தலைமடை நோய். தழும்பில் தளர்த்துவதற்குத் தசை கிடையாது. எத்தனை இன்ஹேலர் அடித்தாலும் அது இளகாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு எதிர்ப்பு இரண்டு மடங்கு கூடுவதில்லை, 16 மடங்கு கூடுகிறது. குறுகலில் காற்று சுழித்துக்கொண்டு ஓடுவதால் உண்மையில் அதைவிடவும் மோசம். அதனால்தான் மூச்சுக்குழல் பாதியளவு சுருங்கும்வரை ஆள் சாதாரணமாக நடமாடுகிறார். அகலம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டருக்கு வந்தால் வேலை செய்யும்போது இளைக்கிறது. 5 மில்லிமீட்டருக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருந்தாலே முட்டுகிறது, சத்தம் வருகிறது. எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவே மூன்றே மில்லிமீட்டர். ஒரு சளிக்கட்டியோ சின்ன வீக்கமோ போதும், அந்தத் தூரத்தை ஒரே ராத்திரியில் கடந்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் நம் பயம் தப்பான பக்கம் சாய்கிறது. மூச்சுக்குழலுக்குள் பார்க்க இன்னொரு கருவியும் உண்டு, வளையும் பிராங்கோஸ்கோப். அது மெல்லியது, மூக்கு வழியாகவே போகும், முழு மயக்கம் கூடத் தேவைப்படாது. பார்ப்பதற்குச் சாது. ஆனால் அதன் தடிமன் ஏறத்தாழ 5, 6 மில்லிமீட்டர். அது காற்றுக் குழாயும் இல்லை. உள்ளே கேமராவும் மெல்லிய உறிஞ்சுவழியும் அடைத்திருக்கும் ஒரு தண்டு. நோயாளி அதைச் சுற்றித்தான் மூச்சுவிட வேண்டும். 6 மில்லிமீட்டர் வழிக்குள் 6 மில்லிமீட்டர் தண்டை நுழைத்தால் அது கார்க்கு போட்டு மூடியது போலாகும். எஃகுக் குழாய் உள்ளீடற்றது. அதன் பக்கவாட்டில் மயக்க மருத்துவரின் மூச்சுக்கருவி இணைகிறது. ஆக, வேலை நடக்கும் வழியாகவே மூச்சும் போய்வருகிறது. இரத்தம் கசிந்தால் பெரிய உறிஞ்சுகுழாயை நேரே இறக்கலாம். கசியும் சுவரைக் குழாயின் உடம்பாலேயே அழுத்திப் பிடிக்கலாம். பெரிய இடுக்கி நுழையும். குழாயின் சாய்வான முனையே சுருக்கத்தை மெல்ல விரிக்கவும், கட்டியைச் சீவி எடுக்கவும் உதவும். பெருவழியில் அடைப்பு என்று வந்துவிட்டால், பயமுறுத்தும் கருவியே பாதுகாப்பான கருவி. நுரையீரலின் ஆழத்துக் கிளைகளைப் பார்க்கவும் சதைத் துணுக்கு எடுக்கவும் வளையும் கருவிதான் சரி. பல நேரம் எஃகுக் குழாய்க்குள்ளேயே அதையும் விட்டு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

இது புதிய கருவியும் இல்லை. 1897-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டாவ் கிலியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை நேரான குழாய் வழியே எடுத்தார். மரத்துப்போகக் கோகெய்ன் தடவினார்கள், அவ்வளவுதான். பிறகு பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன். ஊசி, பொத்தான், ஆணி, காசு என்று மனிதர்களின் மூச்சுக்குழலிலிருந்தும் உணவுக்குழலிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் சேர்த்து வைத்தார். அவை இன்றும் அந்த ஊர் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. 1960-களின் கடைசியில் ஜப்பானின் ஷிகேடோ இகேடா வளையும் கருவியைக் கொண்டுவந்ததும் உலகமே அதன் பக்கம் போனது. எஃகுக் குழாயில் கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்துபோனார்கள். 1980-களில் பிரான்சின் மார்சேயில் ழான் பிரான்சுவா துய்மோன் லேசரையும், பின்னர் 1990-இல், வழி மூடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் சிலிக்கோன் ஸ்டென்ட்டையும் இந்தக் குழாயோடு சேர்த்தபோதுதான் அந்தக் கலை மறுபடி தழைத்தது. இடையில் விட்டுப்போன அந்தக் காலத்தின் பாதிப்பு இன்னும் தீரவில்லை. நுரையீரல் மருத்துவர்கள் எல்லாருக்கும் இதில் பயிற்சி இருப்பதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் குழந்தை அறுவை மருத்துவர்களும்தான் பல இடங்களில் இந்தப் பழக்கத்தை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

அத்தை கேட்டதற்கு வருகிறேன். தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது?

நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்துகிறார்கள். மயக்க மருந்து இரத்த நாளம் வழியாகவே தொடர்ந்து போகும், ஏனென்றால் இந்தக் குழாயின் மேல்வாய் திறந்திருக்கும்; வாயு மருந்து கொடுத்தால் தியேட்டருக்குள் கசிந்துவிடும். தசை தளர்வதற்கும் மருந்து உண்டு. பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிடுகிறார்கள். மேல்பற்களுக்குக் கவசம் போட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்து, குழாயை நாக்கின் மேலாக இறக்கி குரல்வளை மூடியைத் தூக்குகிறார்கள். குரல்நாண் தெரியும்போது குழாயைக் கால்வட்டம் திருப்புகிறார்கள். சாய்வான முனை இப்போது பக்கவாட்டில் நிற்கும். இரண்டு நாண்களுக்கும் நடுவே உராயாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். உள்ளே போனதும் மறுபடி நேராக்குகிறார்கள். இத்தனையும் கண்ணால் பார்த்துக்கொண்டே நடக்கிறது. "கம்பியை விடுவது" என்று நாம் சொல்லும்போது குருட்டாம்போக்கில் குத்துவதாக ஒரு படம் மனதில் வருகிறது. அந்தப் படம் தவறு.

இதில் ரொம்ப நுட்பமான நேரம் குழாய் இறங்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நிமிடங்கள். விழித்திருக்கும்போது நோயாளி தன் பலத்தையெல்லாம் திரட்டி அந்தச் சின்ன வழியில் மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார். மயக்கம் ஏறித் தசை தளர்ந்ததும் அந்தப் பலம் போய்விடும். கட்டி வெளியிலிருந்து அழுத்தும் நோயாளியானால் வழியே மூடிக்கொள்ளவும் கூடும். ஆகவே மயக்க மருந்தின் முதல் சொட்டு போகும்போதே, குழாயைக் கையில் ஏந்தியபடி மருத்துவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். நல்ல குழு எது என்பதற்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: மயக்க மருத்துவரும் குழாய் பிடிப்பவரும் மருந்து ஏறுவதற்கு முன்னாலேயே, "இது நடந்தால் அது, அது நடக்காவிட்டால் இது" என்று வாய்விட்டுப் பேசி முடித்திருப்பார்கள்.

மூச்சு கொடுப்பதில் ஒரு முறை, 1967-இல் சாண்டர்ஸ் கொண்டுவந்த ஜெட் முறை. ஒடுக்கமான ஊசிவழியே ஆக்சிஜனை அழுத்தத்தோடு பீய்ச்சினால் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு நுரையீரலுக்குள் போகும். உள்ளே போன காற்று வெளியே வருவதற்கு வழி திறந்திருக்க வேண்டும். வழி அடைபட்டால் நுரையீரல் உப்பி, காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்துவிடும். அதனால் நெஞ்சு ஏறுகிறதா, ஏறியது இறங்குகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இனி ஆபத்துகள். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உதடு, ஈறு, பல் அடிபடுவது சில்லறைத் தொல்லை. தொண்டை வலியும் கழுத்து வலியும் இரண்டொரு நாள் இருக்கும். குரல்வளை வீங்கலாம், குழந்தைகளுக்கு அந்த வீக்கமே பெரிய பிரச்சினை, அதனால் வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் கண்காணிக்கிறார்கள். ஆக்சிஜன் இறங்கலாம், கரியமில வாயு ஏறலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். மூச்சுக்குழலின் பின்சுவர் எலும்போ குருத்தெலும்போ இல்லாத மென்தோல். அது கிழிவது அபூர்வம், கிழிந்தால் பெரிய விஷயம். அத்தை பயந்தது நடக்கவே முடியாத ஒன்றில்லை.

இரத்தக்கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றில் ஒரு டீ கிளாஸ் இரத்தம் கசிந்தால் யாரும் சாக மாட்டார்கள். ஆனால் மூச்சுவழிகளின் மொத்தக் கொள்ளளவே 150 மில்லிலிட்டர்தான். அந்த ஒரு டீ கிளாஸ் போதும், மூச்சு மூழ்கிவிடும். இரத்தம் கசியும் கட்டியை எஃகுக் குழாய் வழியே கையாள வேண்டும் என்று மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். கசியும் பக்கத்தைக் கீழாகச் சாய்த்துப் படுக்கவைத்து, நல்ல பக்கத்து நுரையீரலைக் காப்பாற்றிக்கொண்டு, கசிவை அழுத்தி நிறுத்த இந்தக் குழாயால்தான் முடியும்.

அடுத்தது நெருப்பு. பலருக்கு இது புதிதாக இருக்கும். லேசரோ மின்சூட்டுக் கருவியோ பயன்படுத்தும்போது மூச்சுக்குழலுக்குள் ஆக்சிஜன் மிகுதியாக இருந்தால் பற்றிக்கொள்ளும். ஆகவே சூடு போடுவதற்கு முன் ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. நோயாளியின் உடம்பு தாங்காமல் ஆக்சிஜனை இறக்க முடியவில்லை என்றால் சூடே இல்லாமல் குழாய் முனையாலும் இடுக்கியாலும் வேலையை முடிப்பார்கள்.

இப்போது எண்கள். புற்றுநோயால் பெரிய மூச்சுவழி அடைபட்டவர்களுக்குச் செய்த சிகிச்சைகளைப் பற்றி 2015-இல் அமெரிக்கப் பதிவேடு ஒன்றின் முடிவுகள் வந்தன. 15 மையங்கள், 947 நோயாளிகள், 1,115 சிகிச்சைகள். வழி திறந்தது 93 சதவீதத்தில். சிக்கல்கள் 3.9 சதவீதம். சிகிச்சையின் சிக்கலாலேயே நேர்ந்த மரணம் 0.5 சதவீதம். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 30 நாளுக்குள் இறந்தவர்கள் 14.8 சதவீதம். இந்த ஒன்றை மட்டும் யாராவது செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் எந்தக் குடும்பமும் கையெழுத்துப் போடாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முற்றிய புற்றுநோயால் மூச்சே முட்டிப்போன நிலையில் வந்தவர்கள் அவர்கள். அந்த மாதத்தில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோய்தான். வழி திறந்தவர்கள் எல்லாருக்கும் மூச்சுத்திணறல் விட்டுவிடவும் இல்லை. திணறலை அளந்து பார்த்தவர்களில் நன்றாகத் தெரியும் அளவுக்கு முன்னேற்றம் 48 சதவீதம் பேருக்கு. ரொம்பத் திணறி வந்தவர்களுக்குத்தான் அதிக நிம்மதி கிடைத்தது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விவரம். சிக்கல்களின் அளவு மையத்துக்கு மையம் 0.9 சதவீதத்திலிருந்து 11.7 சதவீதம்வரை மாறியது. நோய் எங்கும் ஒன்றுதான், ஆனாலும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். எதெல்லாம் சிக்கலைக் கூட்டின என்று பார்த்தபோது நான்கு காரணங்கள் துலங்கின: அவசர அவசரமாகச் செய்தது, நோயாளியின் பொது உடல்நிலை ஏற்கெனவே மோசமாக இருந்தது, முன்பே ஒருமுறை செய்து மறுபடி செய்தது, முழு மயக்கம் இல்லாமல் அரைமயக்கத்தில் செய்தது. கடைசிக் காரணம் நம் ஊர் நம்பிக்கைக்கு நேர் எதிர். "முழு மயக்கம் வேண்டாம் சார், வயசானவர்" என்று கெஞ்சுபவர்கள் நாம். இந்த வேலையில் முழு மயக்கமே காவல்.

முதல் காரணத்தைத்தான் நான் மனதில் ஆணியடித்து வைத்திருக்கிறேன். அவசரம் எங்கிருந்து வருகிறது? தாமதத்திலிருந்து. மாமாவுக்கு வீசிங் என்று ஓடிய மூன்று வாரமும், அதற்குப் பிறகு அலைந்த பத்து நாளும் 8 மில்லிமீட்டரை 6 ஆக்கியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் நடுராத்திரியில் 108-இல் ஏற்றிக்கொண்டு, யார் டியூட்டியில் இருக்கிறார்களோ அவர்கள் கையில் ஒப்படைத்திருப்போம். எஃகுக் குழாயின் ஆபத்து என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, அதற்கு முன்னால் வீட்டிலும் வழியிலும் நாம் கழித்த நாள்களின் ஆபத்து.

நம் பக்கத்தில் தலைமடை எப்படியெல்லாம் அடைகிறது என்று பார்த்தால் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெண்டிலேட்டர் முதல் காரணம். பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், தலைக்காயம், நிமோனியா என்று எது வந்தாலும் பல நாள் குழாய் தேவைப்படுகிறது. உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குத்தான் தழும்பு சுருங்குகிறது. ஆனால் அது தெரியவருவது வீட்டுக்கு வந்து வாரங்கள் கழித்து. குழாயின் காற்றுப்பை அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் மூச்சுக்குழல் தோலுக்கு இரத்தம் போவது தடைபட்டுப் புண்ணாகிறது. கையால் பலூனை அமுக்கிப் பார்த்து அளப்பது போதாது. அதற்கென்று ஒரு சிறிய அளவுமானி இருக்கிறது. ஐசியு ஒவ்வொன்றிலும் அதை ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

காசநோய் அடுத்தது. மருந்து முடிந்து கிருமி போன பிறகும் மூச்சுக்கிளையில் தழும்பு தங்கிவிடுவதுண்டு. பிறகு புகை. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் பெண்கள் முறத்தில் இலையும் தூளும் வைத்துச் சுற்றும் பீடிதான் நம் ஆண்களின் நெஞ்சுக்குள் போகிறது. புற்றுநோய் பெருங்கிளையில் முளைத்தால் முதலில் வறட்டு இருமல், பிறகு சளியில் இரத்தக்கோடு. "பீடி இருமல்தானே" என்று அதைத் தள்ளிப்போடுகிறோம்.

வெற்றிலை பாக்கு இதில் வேறொரு வழியாக வருகிறது. பாக்கும் பான் பொட்டலங்களும் பல ஆண்டு மென்றவர்களுக்குக் கன்னத்து உட்சதை நாராகி இறுகி, வாய் இரண்டு விரலுக்குமேல் திறக்காமல் போகிறது. எஃகுக் குழாய் வாய் வழியாகத்தான் போக வேண்டும். வாய் திறக்காதவர்களுக்கும், கழுத்தெலும்பு நிலையில்லாதவர்களுக்கும், கழுத்தைச் சாய்க்கவே முடியாதவர்களுக்கும் இந்த வழி மூடியிருக்கிறது அல்லது மிகவும் கடினமாகிறது. மருத்துவர் "வாயைத் திறங்க, தலையை அண்ணாந்து பாருங்க" என்று சொல்லும்போது இதைத்தான் அளக்கிறார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகள் கதை தனி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடைவாய்ப் பல் முளைக்காத குழந்தை கையில் அதைக் கொடுப்பதைப் பார்த்தால் பதறுகிறது. நிலக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, சுண்டல் கடலை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள்தான் இது அதிகம் நடக்கிறது. புரையேறிக் கண்கலங்கி இருமிவிட்டுக் குழந்தை சமாதானமாகிவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கடலை கிளைக்குள் தங்கி, நீரை உறிஞ்சி ஊதி, அதன் எண்ணெய் சுவரைப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. படமே இயல்பாகவும் இருக்கலாம். அன்றைக்குப் புரையேறியது என்ற அந்த ஒரு தகவல்தான் மருத்துவருக்கு ஆதாரம். ஆச்சியோ அக்காவோ பார்த்திருந்தால் திட்டுக்குப் பயந்து மறைக்கக் கூடாது. குழந்தைகளின் மூச்சுவழியிலிருந்து இப்படிப்பட்ட பொருளை எடுக்க உலகெங்கும் முதலில் நம்புவது எஃகுக் குழாயைத்தான். வயதுக்கேற்ற அளவுகளில் குழாய்கள் உண்டு. எடுத்துக்கொண்டு வரும்போது கடலை நழுவிக் குரல்நாணுக்குக் கீழே குறுக்கே நின்றுவிட்டால், தேர்ந்த மருத்துவர் அதை மறுபடி ஒரு கிளைக்குள்ளேயே தள்ளிவிடுவார். ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்க நுரையீரல் மூச்சுவிடும். நிதானமாக இரண்டாம் தடவை எடுக்கலாம். இந்தச் சமயோசிதம் பழக்கத்தால் மட்டுமே வருகிறது.

ஸ்டென்ட் பற்றிச் சுருக்கமாக. புற்றுநோய் வெளியிலிருந்து நெருக்கும்போது வழியைத் திறந்து வைக்க அது வேண்டியிருக்கிறது. ஆனால் தழும்புச் சுருக்கம்போல் புற்றல்லாத நோயில் உலோக ஸ்டென்ட் வைப்பதைக் கடைசி வழியாக மட்டுமே கருத வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. சதை அதன் வலைக்குள் வளர்ந்து, பிறகு எடுப்பது பெரும்பாடாகிறது. சிலிக்கோன் ஸ்டென்ட்டை எடுக்க முடியும், ஆனால் நகரும், சளி அடைக்கும். தழும்பு சிறிதாக இருந்து உடம்பும் தாங்கும் என்றால், சுருங்கிய பகுதியையே வெட்டி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கும் அறுவை நிரந்தரத் தீர்வாகலாம். அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும்தான் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் சுற்றுப்பட்டுக்கும் பெரிய கதவு. அங்கோ வேறெங்கோ காட்டிவிட்டு, மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பப்பட்டால் 150 கிலோமீட்டர் அளவு பயணம். சத்தம் கேட்கிற மூச்சோடு அந்தப் பயணத்தை வாடகைக் காரில் செய்யாதீர்கள். ஆக்சிஜனும் ஆளும் உள்ள ஆம்புலன்ஸில் போங்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். இதை இங்கே மாதம் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? மயக்க மருத்துவருக்கு இந்த வேலையில் பழக்கம் உண்டா? இரத்தம் மிகுந்தாலோ சுவர் கிழிந்தாலோ நெஞ்சு அறுவை மருத்துவர் இதே கட்டடத்தில் இருக்கிறாரா? முடிந்ததும் ஐசியு படுக்கை உறுதியா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நாங்கள் கேட்டபோது அந்த மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளில் படம் போட்டுப் பதில் சொன்னார்.

அத்தையின் கேள்விக்கும் அப்போதுதான் பதில் வந்தது. "கிழியவே கிழியாதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் இப்படியே ஊருக்குப் போனா இந்த வாரத்துக்குள்ள மூச்சு நிக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டையும் தராசுல வெச்சுப் பாருங்க." அத்தை கையெழுத்துப் போட்டாள்.

தழும்பு வளையத்தை மூன்று இடத்தில் கீறி, குழாயால் மெல்ல விரித்தார்கள். மாலையில் மாமா கம்மிய குரலில் பதநீர் கேட்டார். ஆனால் தழும்பு விடாப்பிடியானது. ஏழு மாதத்தில் மறுபடி சுருங்கி, இரண்டாம் தடவையும் போக வேண்டிவந்தது. அதிலிருந்து அத்தைக்கு ஒரு பழக்கம். மாமா தூங்கிய பிறகு செல்போனை அவர் தலையணைப் பக்கம் வைத்து, மூச்சு உள்ளே போகும் சத்தத்தை 20 விநாடி பதிவு செய்து, வாரம் ஒருமுறை என்னிடம் அனுப்புவாள். பழைய பதிவோடு சேர்த்துக் கேட்டுவிட்டு நான் மருத்துவருக்கு அனுப்புவேன். போன ஐப்பசியில் ஒரு பதிவைக் கேட்டுவிட்டு அவரே கூப்பிட்டார்: "இழுப்பு நீளுது. அவசரம் ஒண்ணுமில்ல, அடுத்த செவ்வாய்க்கிழமை வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

பகல் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போனார் மாமா.